செவி திறக்கும் மொழி

மாற்கு எழுதிய நற்செய்தி கிரேக்க மொழியில் அமைந்தது. ஆயினும் அதன் ஏழாம் அதிகாரத்தில் ஒரு சொல் அரமேய மொழியிலேயே நிற்கிறது. பொருள் அடுத்துத் தரப்படுகிறது. காது கேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவரை நோக்கி ஆண்டவர் மொழிந்த 'எப்பத்தா' என்பதே அச்சொல். நிகழ்ச்சிக்குக் களமாகக் கூறப்படும் தெக்கப்பொலி, கிரேக்கமும் அரமேயமும் கலந்து வழங்கிய நிலப்பகுதி. நற்செய்தியாளர் நிகழ்ச்சியைச் சொல்லும் வரிசையும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஆண்டவர் அம்மனிதரைக் கூட்டத்தினின்று தனியே அழைத்துச் செல்கிறார், காதுகளில் விரல்களை இடுகிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். இவ்வளவும் கேளாத ஒருவர் கண்ணால் கண்டு உணரக்கூடியவை. வாய்ச்சொல் இவற்றுக்குப் பின்னரே வருகிறது.

காது கேளாதோருக்கும் பேச்சில் இடர்ப்படுவோருக்கும் உதவ முற்பட்டோரின் வரலாற்றைப் படிக்குங்கால் இவ்வரிசையை நாம் அடிக்கடி நினைவுகூர நேர்கிறது. உதவ வந்தவர், உதவி பெறுபவரின் மொழி எது என்று முதலில் கேட்டாரா, அன்றித் தம் மொழியையே முதலில் கொடுத்தாரா என்பதே அவ்வரலாறு முழுவதிலும் ஓடும் வினா. ஐரோப்பாவில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுந்து வந்த இவ்வினா இன்று திண்டுக்கல் சமவெளியின் வீடுகளிலும் எழுந்துள்ளது. ஆதலின் அதன் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

சைகையை ஏற்ற மரபு

காது கேளாதோர் அறிவு பெற இயலாதவர் என்ற எண்ணம் பண்டைய உலகில் பரவலாக இருந்தது. ஆனால் புனித அகுஸ்தினார், ஆன்மாவின் அளவைப் பற்றி எழுதிய உரையாடல் நூலில், மிலான் நகரத்து இளைஞர் ஒருவரைக் குறிப்பிடுகிறார். கேட்கவும் பேசவும் இயலாத அவ்விளைஞர், உடலசைவுகளாலேயே பிறர் கருத்தை அறிந்தார். தம் கருத்தையும் அறிவித்தார். கேளாதோரின் கையசைவு கருத்தைத் தாங்கவல்லது என்பதை பின்னாளில் ஆயரான ஒருவர் நான்காம் நூற்றாண்டிலேயே உணர்ந்திருந்தார் என்பதற்கு இது சான்று. மிலான் என்ற ஊர்ப் பெயரை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

1198இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட், பேச இயலாதவர் சைகையால் திருமணச் சம்மதம் தெரிவிக்கலாம் எனத் தீர்ப்பளித்தார். இன்று நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், பேச இயலாத மணமக்கள் சொல்லுக்கு ஈடான அடையாளங்களால் சம்மதம் தெரிவிப்பதை ஏற்கிறது. மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒப்புரவு அருளடையாளம் பெறுவதற்கும் இடமளிக்கிறது. சட்டத்தின் கண்ணில் சைகை, சொல்லுக்கு நிகரானது.

கேளாதோர்க்குக் கல்வி புகட்டும் முயற்சியும் துறவு மடத்திலிருந்தே புறப்பட்டது. பெனதிக்து சபையார் மௌன நேரங்களில் தமக்குள் கைச்சைகைகளைக் கையாண்டு வந்தனர். அச்சபையைச் சேர்ந்த பேத்ரோ போன்சே தெ லெயோன், 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு ஓஞ்ஞா மடத்தில், உயர்குடியில் பிறந்த கேளாத சிறுவர்களுக்கு எழுத்தும் படிப்பும் பேச்சும் கற்பித்தார். 1620இல் அதே நாட்டில் ஹுவான் பாப்லோ பொனெத், கேளாதோரைப் பேசப் பழக்கும் முறை பற்றி நூல் வெளியிட்டார். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் பாரிஸ் நகரில் அருள்பணியாளர் சார்ல் மிஷேல் தெ லெப்பே, கேளாத சகோதரிகள் இருவருக்குக் கற்பிக்கத் தொடங்கி, பின்னர் ஏழை பணக்காரர் வேறுபாடின்றி அனைவருக்கும் பள்ளி நடத்தினார்.

அவருடைய பெருமை பள்ளி நடத்தியதோடு நிற்கவில்லை. கேளாதோர் தமக்குள் வழங்கி வந்த சைகைகளை அவர் மாணவரிடமிருந்தே கற்றுக்கொண்டார். ஆசிரியர் மாணவரின் மொழியைக் கற்ற பிறகே பாடம் தொடங்கியது. எனினும் அவரும் அச்சைகைகளைப் பிரெஞ்சு இலக்கணத்தின் வரிசைக்கு வளைக்க முயன்றார் என்பதையும் வரலாறு பதிவு செய்துள்ளது. பிறர் மொழியை நேசிப்பவருக்கும் அதைத் தம் மொழியின் அச்சில் வார்த்துவிடும் சபலம் உண்டு. பாரிஸ் பள்ளியில் பயின்ற லோரான் கிளெர்க், காது கேளாத ஆசிரியர். அமெரிக்கரான தாமஸ் கல்லாடெட்டுடன் கடல் கடந்து சென்று 1817இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் பள்ளி தொடங்கத் துணைநின்றார்.

மிலான் தீர்மானம்

1880 செப்டம்பரில் கேளாதோர் கல்வி பற்றிய பன்னாட்டு மாநாடு மிலான் நகரில் கூடியது. வாய்ப்பேச்சு முறையே சிறந்தது. சைகை அதற்கு இடையூறு என அம்மாநாடு தீர்மானித்தது. வந்திருந்த 160க்கும் மேற்பட்ட பேராளருள் காது கேளாதவர் ஒருவரே. தலைமை தாங்கிய ஜூலியோ தாரா ஓர் அருள்பணியாளர். கேளாதோர் கல்வியைத் தோற்றுவித்தவருள் குருக்களும் துறவியரும் இருந்தனர் என்று பெருமையோடு கூறும் நாம், கேளாதோரின் கைகளைக் கட்டிய தீர்மானத்திலும் குருக்களுக்குப் பங்குண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. அவர்கள் தீய எண்ணத்தினர் அல்லர். வாயால் பேசினால்தான் இப்பிள்ளைகள் சமூகத்தில் மனிதராக மதிக்கப்படுவர் என்று உளமார நம்பினர்.

அத்தீர்மானத்திற்குப்பின் ஐரோப்பாவின் பள்ளிகள் பலவற்றில் சைகை விலக்கப்பட்டது. கேளாத ஆசிரியர் பலர் வேலையிழந்தனர். கையசைத்த மாணவர் தண்டிக்கப்பட்டனர். 1960இல் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கி, சைகைமொழிக்கும் சொல்லாக்கமும் இலக்கண அமைப்பும் உண்டு என ஆய்ந்து காட்டும்வரை, அது மொழி என்றே பெரும்பாலான அறிஞர் கருதவில்லை. 2010இல் வான்கூவர் நகரில் கூடிய அதே மாநாட்டு வரிசையின் பேரவை, மிலான் தீர்மானங்களை மறுத்து வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் கடந்துவிட்டன.

நம் நாட்டுப் பள்ளிகள்

இந்தியாவில் கேளாதோர் பள்ளிகள் மிலான் தீர்மானத்தின் நிழலிலேயே பிறந்தன. பம்பாயில் திருச்சபையை வழிநடத்திய இயேசு சபை ஆயர் லியோ மேரின் 1880களின் நடுவில் அங்கே ஒரு பள்ளிக்கு வித்திட்டார். 1893இல் கல்கத்தாவில் ஒரு பள்ளி எழுந்தது. தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் ஆங்கிலிக்கன் மறைப்பணியாளரான ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய பணி, இன்று அவர் பெயரைத் தாங்கிய மேல்நிலைப் பள்ளியாக நிற்கிறது. தென்மாவட்டக் குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் தம் பிள்ளைகளை அங்கே விடுதியில் சேர்த்து வந்துள்ளன.

இத்தகைய பள்ளிகளின் தொண்டு அளப்பரியது. வீட்டின் மூலையில் ஒதுங்கிக் கிடந்த பிள்ளை, எழுதப் படிக்கக் கற்றுத் தொழில் அறிந்து குடும்பம் நடத்தியது இவற்றால்தான். ஆயினும் வாய்ப்பேச்சு முறையைத் தமிழில் நடத்துவதிலுள்ள இடர்ப்பாட்டை வெளிநாட்டு நூல்கள் கூறவில்லை. உதட்டசைவைப் பார்த்தே சொல்லை அறிய வேண்டும் என்பது அம்முறை. 'பாலை' என்பதும் 'மாலை' என்பதும் உதட்டில் ஒன்றே. 'வலி', 'வழி', 'வளி' ஆகிய மூன்றும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே சொல். அவற்றை வேறுபடுத்தும் நா வாயினுள் மறைந்து தொழிற்படுகிறது. ஒலிகள் பிறக்கும் உடலிடங்களைத் தொல்காப்பியர் பிறப்பியல் எனத் தனி இயலாகவே வகுத்தார். அவ்விடங்களுட் பெரும்பாலானவை கண்ணுக்குப் புலப்படாதவை என்பதைக் கேளாத தமிழ்ப்பிள்ளை நாள்தோறும் உணர்கிறது.

இன்னோர் இடரும் உண்டு. பாடநூலின் தமிழ் ஒன்று. வீட்டின் தமிழ் மற்றொன்று. 'வந்துகொண்டிருக்கிறார்' என்று பள்ளியில் உதடு படித்துப் பழகிய பிள்ளை, விடுமுறையில் வீடு திரும்பியதும் தாயின் உதட்டில் 'வந்துக்கிட்டு இருக்காரு' என்பதைக் காண்கிறது. கேட்கும் பிள்ளைக்கு இவ்விரண்டும் ஒரே மொழியின் இரு நடைகள். உதட்டை மட்டும் நம்பிய பிள்ளைக்கு இவை இரு வேறு மொழிகள்.

வகுப்பில் வாய்ப்பேச்சு, விடுதியில் கைப்பேச்சு என்ற இரட்டை வாழ்க்கை இதன் விளைவு. ஆசிரியர் கண் மறைந்த இடத்தில் மூத்த மாணவர் இளையோருக்குச் சைகைகளைக் கற்றுக்கொடுத்தனர். இந்தியச் சைகைமொழி இவ்வாறு பள்ளி முற்றங்களிலும் உணவுக்கூடங்களிலும் வளர்ந்தது. 1970களில் மதன் வசிஷ்டா, ஜேம்ஸ் உட்வர்ட் முதலிய ஆய்வாளர் டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் நகரங்களில் சைகைகளைத் திரட்டி ஆராய்ந்தனர். ஊருக்கு ஊர் சொற்கள் வேறுபட்டாலும் அவை தம்முள் உறவுடையவை என்பது அறியப்பட்டது.

திண்டுக்கல்லின் மொழிகள்

இனி நம் சமவெளிக்கு வருவோம். காது கேளாமையும் பேச்சுக் குறையும் எங்கும் ஒன்றே. ஆனால் அவை குடியிருக்கும் வீடுகளின் மொழி ஒன்றன்று. திண்டுக்கல் மலைக்கோட்டை, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் காலத்தில் எழுந்தது. நாயக்கர் ஆட்சி தெலுங்கும் கன்னடமும் பேசிய படைவீரரையும் உழவரையும் இப்பக்கம் குடியமர்த்தியது. பட்டு நெசவில் வல்ல சௌராட்டிர மக்கள் அவர்களது ஆதரவில் மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தழைத்தனர். 1755இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் பௌஜ்தாராக அமர்ந்தார். பேகம்பூர்ப் பகுதியில் உருது பேசும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. சின்னாளபட்டித் தறிக்காரர் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கின்றன. அண்மைக் காலத்தில் வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளுக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வந்துள்ளனர். அவர்களோடு ஒடியாவும் இந்தியும் வந்துள்ளன.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 88 பேர். தெலுங்கர் ஏறத்தாழ 6 பேர். கன்னடம், உருது பேசுவோர் ஒவ்வொன்றிலும் 2 பேருக்குச் சற்றுக் குறைவு. சௌராட்டிரம் பேசுவோர் நாடு முழுவதிலும் சுமார் இரண்டரை இலட்சம். அதே கணக்கெடுப்பில் இந்தியாவில் செவிக்குறை உடையோர் 50 இலட்சத்திற்கு மேல். பேச்சுக்குறை உடையோர் ஏறத்தாழ 20 இலட்சம். ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்புகளிலும் 1931 வரை கேளாதோர் எண்ணப்பட்டனர், தாய்மொழிகளும் எண்ணப்பட்டன. ஆனால் ஓர் அட்டவணையைப் பார்த்தவர் மற்றதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. கேளாத பிள்ளையின் வீட்டில் எம்மொழி வழங்குகிறது என்ற வினா இரண்டு அட்டவணைகளுக்கும் இடையே விழுந்துவிட்டது.

அளவுகோலின் மொழி

1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனம் தோன்றியது. 1983இல் பம்பாயில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் எழுந்தது. இத்துறை வல்லுநருக்குரிய கல்வியை நெறிப்படுத்த 1992இல் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் வந்தது. இந்நிறுவனங்களில் பயின்றோர் கைக்கொண்ட பாடநூல்களும் சோதனைகளும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஆக்கப்பட்டவை. ஒருவருக்குப் பேச்சு எவ்வளவு விளங்குகிறது என்று அளக்க அங்கே ஓரசைச் சொற்களை ஒலிக்கச் செய்து, திருப்பிச் சொல்லச் சொல்வர். நம் திராவிட மொழிகளிலோ அன்றாடச் சொற்கள் பெரும்பாலும் ஈரசையும் மூவசையுமானவை, உயிரொலியில் முடிபவை. ஆங்கில அளவுகோல் நம்மவர் காதை அளக்க உதவாது. ஆகவே நம் மொழிகளுக்கெனச் சொற்பட்டியல்களையும் உச்சரிப்புச் சோதனைகளையும் புதிதாக உருவாக்க வேண்டியதாயிற்று. 1970களில் கன்னடத்திற்கும் 1980களில் தமிழுக்கும் மைசூரில் உச்சரிப்புச் சோதனைகள் ஆக்கப்பட்டன. அவ்வறிஞர் செய்தது பெருந்தொண்டு.

எனினும் தமிழில் சோதனை வந்துவிட்டதால் திண்டுக்கல்லின் எல்லாப் பிள்ளைகளுக்கும் நீதி கிடைத்துவிடவில்லை. பழத்தின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்பதாக வைத்துக்கொள்வோம். நம் வட்டாரப் பிள்ளை 'பளம்' என்கிறது. இது நாக்கின் குறையா? மதுரைச் சீமையின் பேச்சு வழக்கே அது. தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கும் உருது வீட்டுப் பிள்ளைக்கும் தம் மொழியில் ழகரமே இல்லை. சௌராட்டிரமும் உருதும் மூச்சு கலந்த வல்லொலிகளை உடையவை. அப்பிள்ளைகள் தமிழ்ச் சொல்லிலும் அவ்வொலியைச் சற்றே கலந்துவிடலாம். இவை வேற்றுமைகள். நாக்கு உரிய இடத்தைத் தொட இயலாமையும், காது ஒலியைப் பிரித்தறிய இயலாமையும் குறைகள். வேற்றுமையைக் குறை என்று எழுதிவிட்டால் நலமான பிள்ளை ஆண்டுக்கணக்கில் பயிற்சிக்கு அலையும். குறையை வேற்றுமை என்று தள்ளிவிட்டால், செவி மங்கிய பிள்ளை 'வீட்டில் வேறு மொழி, அதனால்தான் பேச்சு தாமதம்' என்ற ஆறுதலோடு திருப்பி அனுப்பப்படும். இரண்டாவது பிழை கொடியது. மொழி வேரூன்றும் முதல் மூன்றாண்டுகள் அதனால் வீணாகிவிடும்.

செல்வ வளம் மிக்க அமெரிக்காவிலும் இதே சிக்கல் எழுந்ததுண்டு. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினப் பிள்ளைகள் சிலர் கல்வியில் பின்தங்கியவர் என முத்திரை குத்தப்பட்டபோது, அவர்களுடைய வீட்டுப் பேச்சு வழக்கை ஆசிரியர் அறிந்து பாடம் நடத்த வேண்டும் என்று 1979இல் நீதிமன்றம் ஆணையிட்டது. 1983இல் அந்நாட்டுப் பேச்சு, செவி வல்லுநர் சங்கம், சமூகக் கிளைமொழி எதுவும் பேச்சுக் கோளாறு ஆகாது என அறிக்கை வெளியிட்டது.

மொழியோடு பண்பாடும் சோதனை அறைக்குள் நுழைகிறது. பெரியோர் முன் வாய் திறவாத பிள்ளையை 'அடக்கமான பிள்ளை' என்று போற்றுகிறோம். அப்பிள்ளை புதியவர் முன் மௌனமாக இருந்தால் 'பேசவில்லை' என்று தாளில் பதிவாகிறது. பெண்பிள்ளை என்றால் திருமணத்தை எண்ணிக் காது கருவியைக் கூந்தலுக்குள் மறைக்கும் வீடுகள் உண்டு. கருவியையே பெட்டியில் பூட்டி வைக்கும் வீடுகளும் உண்டு. நெருங்கிய உறவில் மணம் முடிப்பது பிறவிச் செவிக்குறைக்கு ஒரு காரணமாகலாம் என்று மருத்துவர் சொல்லும்போது, அச்சொல் வீட்டுக்குள் தாயின்மீது குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது. பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர் கேட்டபோது ஆண்டவர் அவ்வினாவையே மறுத்தார் என்பதை இத்தகைய வீடுகளில் நாம் பலமுறை எடுத்துரைத்துள்ளோம். உறவுத் திருமணத்தின் தீமையை எடுத்துச் சொல்வது கடமை. ஆனால் அதைத் தாயை நோகடிக்காத சொற்களில், அவ்வீட்டின் மொழியில் சொல்லத் தெரிந்தவரே சொல்ல வேண்டும்.

தாயின் வாயை மூடும் அறிவுரை

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக ஏழைப் பிள்ளைகளும் காக்ளியர் கருவி பெறும் நிலை தமிழகத்தில் வந்துள்ளது. இது பெரும் பேறு. அறுவைக்குப் பின் ஓராண்டளவு கேட்டுப் பேசும் பயிற்சி தேவை. அப்பயிற்சியின் பெரும்பகுதி வீட்டில், தாயின் மடியில் நடக்க வேண்டியது. சென்னையில் 1969இல் தொடங்கிய பாலவித்யாலயா போன்ற பள்ளிகள் தாய்மாரையே ஆசிரியராக்கி இவ்வழியில் முன்னோடியாயின.

ஆனால் பயிற்சி நிலையங்களில் சில வேளை ஓர் அறிவுரை வழங்கப்படுகிறது: 'வீட்டில் தமிழ் மட்டுமே பேசுங்கள், இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும்.' நாம் அறிந்த சௌராட்டிர இல்லம் ஒன்றில் இளந்தாய் இவ்வறிவுரையைத் தலைமேற்கொண்டார். அவருக்குக் கொஞ்சவும் கடியவும் கதை சொல்லவும் சௌராட்டிரமே இயல்பு. தமிழ் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் உரியது. விளைவாக அவர் குழந்தையோடு பேசுவது குறைந்தது. தமிழ் சரளமாக வாராத பாட்டியோ பேசுவதையே நிறுத்திவிட்டார். கேட்பதற்கென்றே கருவி பொருத்தப்பட்ட குழந்தையின் வீட்டில் அமைதி குடியேறியது.

இரு மொழி கேட்டு வளர்வதாலேயே பேச்சுக்குறை உண்டாவதில்லை என்பது இன்று அத்துறையினர் பொதுவாக ஏற்கும் முடிவு. தாய்க்கு எம்மொழி சரளமோ அம்மொழியில் நிறையப் பேசுவதே குழந்தைக்கு நல்லது. தமிழ் வெளியிலிருந்து வந்து சேரும். நல்ல பயிற்சியாளர் பலர் இதை அறிவர். சௌராட்டிரமோ ஒடியாவோ தெரிந்த பயிற்சியாளர் எல்லா ஊரிலும் கிடைப்பது அரிது என்பதையும் நாம் அறிவோம். மொழி தெரியாத பயிற்சியாளர், அம்மொழி பேசும் தாயை உடன் அமர்த்திக்கொண்டு வழிகாட்ட இயலும். தெ லெப்பே செய்தது இதுவே: தமக்குத் தெரியாத மொழியை, அம்மொழிக்கு உரியவரிடமே கேட்டறிந்தார்.

முதியோரிடத்தும் இவ்வினா எழுகிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்த இருமொழியாளர்க்கு எம்மொழி முதலில் மீளும் என்று 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் ஆராய்ந்தனர். முதலில் கற்ற மொழியே மீளும் என்றார் ரிபோ. மிகுதியாகப் பயின்ற மொழியே மீளும் என்றார் பித்ரே. ஒரே விதி எல்லார்க்கும் பொருந்தாது என்பது பின்னர் தெளிந்தது. நோயிற்பூசுதல் வழங்கச் செல்லும் வீடுகளில், ஐம்பதாண்டு தமிழிலேயே வாணிகம் நடத்திய முதியவர், நோய்க்குப்பின் தமிழில் ஒரு சொல்லும் வாராமல், மகளைத் தெலுங்கில் விளித்ததைக் கண்டுள்ளோம். அவரிடம் தமிழில் மட்டும் வினவும் மருத்துவர், பேச்சே இல்லை என்று எழுதிவிடக்கூடும்.

சைகைமொழிக்குக் கிடைத்த இடம்

கருவி பயன்தராத பிள்ளைகளும், கருவி கிடைக்கும் வயது கடந்தோரும் நம்மிடையே பலர். அவர்தம் மொழி சைகை. 2015இல் டெல்லியில் இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. அதன் அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகைமொழியைத் தகவல் பரிமாற்ற வழியாக ஏற்று, அதில் தேர்ந்த ஆசிரியரைப் பணியமர்த்தப் பணிக்கிறது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, நாடு முழுவதற்கும் தரப்படுத்திய சைகைமொழியை விரும்பும்போதே, உள்ளூர்ச் சைகைகளையும் மதிக்கச் சொல்கிறது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் சைகைமொழிக்கு இன்னும் இடமில்லை. 2024இல் கேரளத்தின் திருச்சூரில் காது கேளாத ஒருவர் அருள்பணியாளராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். இந்தியத் திருச்சபையில் இது புதிய செய்தி.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். டெல்லியில் தொகுத்த அகராதியைக் கொண்டுவந்து, பாளையங்கோட்டையில் பயின்று வந்த மூத்தோரின் கைச்சொல்லை 'தவறு' என்று திருத்தத் தொடங்கினால், மிலானின் பிழையை வேறு உருவில் செய்தவர் ஆவோம். அகராதி பாலமாக இருக்கலாம், தீர்ப்பாளராக வேண்டாம்.

நம் பங்குகளில்

1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் தெ நொபிலி, போதிக்குமுன் தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்க அமர்ந்தார் என்பது நமக்குப் பழகிய வரலாறு. அவ்வுழைப்பில் சிறுபங்கேனும் நம் ஊர்க் கேளாதோர்க்குக் கிடைக்க வேண்டும். மறைக்கல்வி ஆசிரியருள் ஒருவரேனும் சைகை கற்கட்டும். அதைக் கற்பிக்க நம் ஊரிலேயே உள்ள கேளாத மூத்தோரை அழைத்து, அவர்க்கு உரிய மதிப்பூதியமும் வழங்குவோம். திருப்பலியில் மறையுரை கைவழியே சொல்லப்படும்போது அதைக் காணுமாறு அவர்க்கு முன்வரிசையில் இடம் ஒதுக்குவோம். பல கோவில்களில் அவர் வாயிற்படி அருகே நின்று திரும்புவதே இன்றைய வழக்கம். ஐக்கிய நாடுகள் சபை 2018 முதல் செப்டம்பர் 23ஐச் சைகைமொழி நாளாகக் கொண்டாடி வருகிறது. அந்நாளையொட்டிய ஞாயிறு இதற்குத் தொடக்கமாகலாம்.

கைக்குழந்தை ஓசைக்குத் திரும்பவில்லை என்று தாய் ஐயுற்றால், 'அப்பன் வழியில் எல்லாரும் மெதுவாகத்தான் பேசினார்கள்' என்று ஆற்றுப்படுத்தி அனுப்பாமல், அம்மாதத்திலேயே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை அன்பியத்தார் ஏற்க வேண்டும். அங்கே பதிவுச் சீட்டில் பெயர், வயது, முகவரி எழுதப்படும்போது, கேட்கப்படாவிடினும் ஒரு செய்தியைச் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும்: இக்குழந்தையின் தாய் இதனோடு பேசும் மொழி எது என்பதே அச்செய்தி. சௌராட்டிரம் என்றோ, தெலுங்கு என்றோ, உருது என்றோ, ஒடியா என்றோ அங்கே ஒரு சொல் பதிந்தால், அதன்பின் அக்குழந்தையை அளப்பவரும் பயிற்றுபவரும் அச்சொல்லைக் கண்டு ஒருகணம் நின்று எண்ணுவர். பெற்றோர் இருவரும் கேளாதவராயின் 'சைகை' என்று எழுதத் தயங்க வேண்டுவதில்லை.